வாழைப்பட்டை, வைக்கோல், கரும்புச்சக்கையில பேப்பர் பண்றது எப்படி – முழுமையான வழிகாட்டி

மரத்தை வெட்டாம பேப்பர் வருமான்னு இன்னும் சந்தேகமா கேக்குறவங்க இருக்காங்க. கரூர் பக்கம் காகிதபுரத்துல தமிழ்நாடு அரசோட டிஎன்பிஎல் பேப்பர் ஆலை 1984ல இருந்து கரும்புச்சக்கையை வெச்சு பேப்பர் ஓட்டிட்டு இருக்கு, சர்க்கரை ஆலைங்க அந்த சக்கையை எரிச்சுதான் ஸ்டீம் எடுக்கும்ங்கறதால, சக்கையை இங்க குடு, எரிக்க வேற எரிபொருள் நான் தரேன்னு ஒப்பந்தம் போட்டு வாங்குனாங்க. அதனால "வருமா"ங்கற கேள்வி எப்பவோ முடிஞ்சு போச்சு, வீட்டு கொல்லையில ஒரு அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம், வலை அடிச்ச ஒரு சட்டம் வெச்சு எப்படி பண்றதுங்கறதுதான் இங்க விஷயம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். வீடியோல எல்லாம் சட்டத்தை தண்ணியில முக்கி தூக்குறதைத்தான் விதவிதமா காட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா பேப்பர் நல்லா வருமா வராதாங்கறது அங்க முடிவாகறதில்ல. எந்த நாரை எடுத்தீங்க, எவ்வளவு வேகவெச்சீங்க, எவ்வளவு அடிச்சீங்க, இந்த மூணுலயே முக்கால்வாசி முடிஞ்சிடும்.

எந்த கழிவு எதுக்கு ஆகும்

செடிக்குள்ள இருக்கறது செல்லுலோஸ் நார், அந்த நாரை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுக்கி வெச்சிருக்கறது லிக்னின். அந்த லிக்னினை கரைச்சு வெளியேத்துறதுதான் வேகவெக்கிற வேலையே. மரத்துல லிக்னின் 25, 30 சதவீதம் வரைக்கும் இருக்கும், அதனாலதான் ஆலையில பிரஷர் போட்டு 160, 170 டிகிரியில வேகவெக்க வேண்டியிருக்கு. வைக்கோல்லயும் வாழைநார்லயும் ரொம்ப கம்மி, அதனால சாதாரண கொதிநிலையே போதும், நம்ம அடுப்பு தாங்கும். தேங்காய் நாரை யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுல லிக்னின் மரத்தைவிட அதிகம், நாள் பூரா கொதிக்க வெச்சாலும் அசையாது.

அடுத்தது நார் நீளம். வைக்கோல் நார் ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது, அதை மட்டும் வெச்சு பேப்பர் போட்டா அப்பளம் மாதிரி மடிச்ச இடத்துல உடையும். கரும்புச்சக்கை ஒண்ணு, ஒன்றரை மில்லி வரும், பரவாயில்ல. வாழை அதைவிட நல்ல நீளம், பலமும் அதிகம். வாழையோட நெருங்கின சொந்தமான அபாகான்னு ஒரு செடி பிலிப்பைன்ஸ்ல விளையுது, டீ பேக் பேப்பர் அதுலதான் பண்றாங்க, வெந்நீர்ல முக்குனாலும் கிழியாம இருக்கறதுக்கு அந்த நார்தான் காரணம்.

அதனால என் கணக்கு இதுதான்: வைக்கோலோ சக்கையோ 60 பங்கு, வாழை 40 பங்கு. வாழை பலத்தை குடுக்கும், வைக்கோல் இடைவெளியை நிரப்பி மேல்பரப்பை சமமாக்கும். வாழை கிடைக்காத ஊரா இருந்தா திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் கலக்கலாம், காட்டன் மட்டும், பாலியஸ்டர் கலந்ததுன்னா வேண்டாம். முதல் தடவை பண்றவங்க வாழையை மட்டும் எடுத்து பண்ணுங்க, சொதப்பறதுக்கு வாய்ப்பு கம்மி.

என்னென்ன வேணும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்ல எனாமல் பாத்திரம், 20 லிட்டர் பிடிக்கிற மாதிரி. அலுமினிய அண்டாவை தொடவே கூடாது, வேகவெக்கும்போது போடற சோடா ஒரு காரம் (ஆல்கலி), அது அலுமினியத்தை அரிச்சு ஹைட்ரஜன் வாயுவை விடும், பாத்திரமும் போயிடும். ஒரு எடை தராசு, ரப்பர் கையுறை, கண்ணுக்கு போடற பாதுகாப்பு கண்ணாடி, துணி துவைக்கிற கட்டை, பழைய பருத்தி வேட்டி ஒண்ணு ரெண்டு, சட்டம் முழுசா படுக்கிற அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தொட்டி, ரெண்டு பிளைவுட் பலகை.

சட்டம் ரெண்டு வேணும், ஒரே அளவு. ஒண்ணுல வலை அடிக்கணும், இன்னொண்ணு வெறும் சட்டம், அதை மேல வெச்சாதான் கூழ் ஓரத்துல வழியாம நிக்கும். உள் அளவு 21க்கு 29.7 சென்டிமீட்டர் வெச்சா ஏ4. ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையே வாழைக்கு போதும், வைக்கோல் கலந்தா பொடி நாரெல்லாம் ஓட்டை வழியா ஓடிடும், அதனால அந்த வலைக்கு மேல ஸ்கிரீன் பிரிண்டிங் துணி ஒண்ணு இழுத்து அடிச்சுக்கங்க. தொங்கல் இல்லாம விறைப்பா இருக்கணும், நடுவுல குழி விழுந்தா பேப்பரும் நடுவுல தடியா வரும். இரும்பு ஆணி வேண்டாம், துரு கறை பேப்பர்ல ஏறும், பித்தளை ஸ்க்ரூ போடுங்க.

கணக்கு முதல்ல

ஏ4 பேப்பர் ஒண்ணு ஒரு சதுர மீட்டர்ல 16ல ஒரு பங்கு. 100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம் பேப்பர்னா ஒரு ஷீட்டுக்கு 6.25 கிராம் காஞ்ச நார். வேகவெச்சு அலசி முடிக்கும்போது போட்ட எடையில பாதிக்கும் கீழதான் நிக்கும், 40 சதவீதம்னு வெச்சுக்கங்க. ஆக 1 கிலோ காஞ்ச சருகு (காயவெச்ச பட்டை, வைக்கோல், சக்கை எல்லாத்தையும் சருகுன்னே சொல்றேன்) போட்டா 400 கிராம் கூழ் நார், சுமார் 60 ஷீட். பச்சை வாழைப்பட்டையில 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, 10 கிலோ காயவெச்சா 1 கிலோ கூட தேறாது, அதனால பச்சையா நிறுத்து கணக்கு போடாதீங்க.

சுத்தம் பண்றது

வாழையில தார் வெட்டினதும் மரத்தை சாச்சு பட்டை பட்டையா உரிங்க. வெளிப்பட்டை ரெண்டு மூணு கருத்து கறை பிடிச்சு முரட்டா இருக்கும், அதை தனியா வைங்க, கலர் டார்க்கா வேணும்னா ஆகும். நடுவுல இருக்கற வெள்ளையான பட்டைங்கதான் நமக்கு. உள்ள இருக்கற தண்டுல பேப்பருக்கு ஆகற நார் ஒண்ணும் இல்ல, அதை பொரியல் பண்ணிக்கங்க. பட்டையை பலகை மேல மல்லாத்தி மழுங்குன கத்தியாலயோ ஸ்பூன் முனையாலயோ அழுத்தி சுரண்டினா தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கற சதையும் சாறும் வழிஞ்சு போயிடும், நார் மட்டும் நிக்கும். சோம்பல் பட்டு அந்த சதையை விட்டீங்கன்னா சோடாவும் வீணாகும், பேப்பரும் காயும்போது மடமடன்னு சுருங்கும். வாழைச்சாறு துணியில பட்டா போகவே போகாது, பழைய சட்டை போட்டுக்கங்க.

வைக்கோல்ல கணு இருக்கும், அது வேகாது, பேப்பர்ல புள்ளி புள்ளியா தெரியும். கொஞ்சமா பண்றதா இருந்தா கணுவை வெட்டி எறிஞ்சுடலாம், நிறைய பண்றவங்க புள்ளியை டிசைன்னு சொல்லி வித்துடுறாங்க, அதுவும் நடக்குது. நெல்மணி, மண், தூசி போக தட்டி உதறிடணும்.

ஜூஸ் கடை சக்கைன்னா அன்னிக்கே அலசணும், இனிப்பு இருக்கறதால மறுநாளே புளிச்சு ஈ மொய்க்கும். சக்கைக்கு நடுவுல பஞ்சு மாதிரி ஒரு சோறு இருக்கும், எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் அதுதான், பேப்பருக்கு பிரயோஜனம் இல்ல. காயவெச்சு கட்டையால அடிச்சு சலிச்சா சோறு பொடியா கொட்டிடும், நார் மேல நிக்கும். பெரிய ஆலைங்களும் இதே வேலையை மெஷின்ல பண்ணிட்டுதான் சக்கையை உள்ள ஏத்துவாங்க.

எதுவா இருந்தாலும் ரெண்டு சென்டிமீட்டர் துண்டா நறுக்கி ராத்திரி ஊற வெச்சுடுங்க. நீளமா விட்டா பின்னாடி அடிக்கும்போது கயிறு மாதிரி முறுக்கிக்கும்.

வேகவெக்கிறது

சோடா ஆஷ் வாங்கணும், சாயம் காய்ச்சற சாமான் விக்கிற கடையில கிடைக்கும். ஆப்ப சோடா வேற, அது இதுக்கு பத்தாது. 1 கிலோ காஞ்ச சருகுக்கு 200 கிராம் சோடா ஆஷ். கடையில கண்ணாடி கல்லு மாதிரி கட்டி கட்டியா இருக்கற வாஷிங் சோடா குடுத்தாங்கன்னா அதுல பாதிக்கு மேல தண்ணி, அதனால 540 கிராம் போடணும். நிறைய பேருக்கு "சொன்ன அளவுதான் போட்டேன், வேகவே இல்ல"ன்னு ஆகறது இங்கதான்.

காஸ்டிக் சோடான்னா 100 கிராமே போதும், சீக்கிரமும் வேகும், ஆனா தோல்ல பட்டா வெந்துடும், கண்ணுல பட்டா பார்வையே போகலாம். குழந்தைங்க இருக்கற வீட்டுல வேண்டவே வேண்டாம். போட்டே ஆகணும்னா கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு பச்சைத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா காஸ்டிக்கை போடணும், காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தக்கூடாது, கொதிச்சு தெறிக்கும்.

சாம்பல் தண்ணியும் ஒரு வழி. காஞ்ச வாழைச்சருகை எரிச்ச சாம்பல்ல பொட்டாஷ் நிறைய, அதை தண்ணியில ஊற வெச்சு தெளிய விட்டு வடிச்சா நல்ல காரம். அஸ்ஸாம்ல வாழையை எரிச்ச சாம்பல் தண்ணியை கோலாகார்னு சமையலுக்கே ஊத்துறாங்க. பேப்பருக்கு இது மெதுவாதான் வேலை செய்யும், வாழைக்கு சரி, வைக்கோலுக்கு இழுத்துக்கிட்டே போகும்.

சருகு மூழ்கற அளவுக்கு தண்ணி, 1 கிலோவுக்கு 12ல இருந்து 15 லிட்டர். சோடாவை கரைச்சுட்டு ஊறின நாரை போட்டு, மூடி லேசா திறந்து வெச்சு, காத்தோட்டமான இடத்துல மெதுவா கொதிக்க விடுங்க. வாழை ரெண்டு மணி நேரம், வைக்கோல் ரெண்டரை, சக்கை மூணு மணி நேரத்துக்கு மேல. அரை மணிக்கு ஒரு தடவை கட்டையால புரட்டி விடணும், அடுப்புல விறகுன்னா அடி பிடிக்காம பாத்துக்கங்க. தண்ணி காபி கலர், அப்புறம் கருங்காபி கலர் ஆகும், அதான் லிக்னின் கரையறது. நுரை பொங்கும், வாடையும் வரும், அடுப்பை கொல்லையில வைங்க.

வெந்துச்சான்னு பாக்க ஒரு துண்டை எடுத்து தண்ணியில அலசி ரெண்டு கை விரலால நீளவாக்குல இழுங்க. தயக்கமே இல்லாம இழை இழையா பிரிஞ்சா இறக்கிடலாம். குச்சி மாதிரி எதிர்த்து நின்னா இன்னும் அரை மணி. பத்தலைன்னு சோடாவை மேல மேல கொட்டறதைவிட நேரம் குடுக்கறது நல்லது, காரம் ஏறினா லிக்னினோட சேந்து நாரும் கெடும், பேப்பர் பலம் போயிடும்.

அலசறது

ஆற விட்டு வேட்டி துணியில கொட்டி தண்ணி தெளிவா வர வரைக்கும் அலசணும், ஏழெட்டு தடவை ஆகும். கண்ணுக்கு தெளிவா தெரிஞ்சா போதாது, உள்ள காரம் இருந்தா பேப்பர் நாளாக ஆக மஞ்சளாகும். இதுக்கு காரம் இருக்கான்னு காட்டற பிஹெச் பேப்பரே வேண்டாம், நாரை பிழிஞ்ச தண்ணியில ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போடுங்க. குங்குமம் மாதிரி சிவந்தா காரம் இன்னும் இருக்கு, மஞ்சளாவே நின்னா முடிஞ்சுது. ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா சிவக்குதே, அதே சங்கதி.

இப்ப அந்த கருப்பு தண்ணி. இதை சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ திருப்பி விடறதுதான் இந்த தொழிலோட பெரிய தலைவலி, நாட்டுல எத்தனையோ சின்ன பேப்பர் ஆலைங்க இழுத்து மூடினதுக்கும் இதுதான் காரணம். பெரிய ஆலையில அதை சுண்டவெச்சு பாய்லர்ல எரிச்சு சோடாவை திரும்ப எடுத்துக்குவாங்க, ஆனா வைக்கோல்ல சிலிக்கா அதிகம், அது குழாய்க்குள்ள கல்லா படியும், அதனால வைக்கோலை பெரிய ஆலைங்க தொடவே யோசிக்கும். நம்ம அளவுக்கு என்ன பண்ணலாம்னா, வடிச்ச முதல் தண்ணியை கொட்டாம அடுத்த தடவை வேகவெக்க பாதி சேத்துக்கலாம், சோடாவும் மிச்சம். அதுக்கு மேல மிஞ்சறதை தோட்டத்துல ஊத்தாதீங்க, சோடியம் மண்ணை களராக்கிடும், சிமெண்ட் தொட்டியில விட்டு வெயில்ல சுண்ட விடுங்க. சாம்பல் தண்ணியில வேகவெச்சிருந்தா பொட்டாஷ்தான், நிறைய தண்ணி கலந்து எருக்குழியில ஊத்தலாம். நான் சாம்பல் பக்கம் சாய்றதுக்கு இதுதான் காரணம்.

வெள்ளையாக்கணும்னு பிளீச்சிங் பவுடர் போடறாங்க, என்னைக் கேட்டா தேவையில்ல. வைக்கோல் பேப்பரோட பொன்னிறத்துக்குத்தான் ஆளுங்க காசு குடுக்குறாங்க. வேணும்னா ஹைட்ரஜன் பெராக்சைடு பாருங்க. பிளீச்சிங் பவுடரோட வினிகர், ஆசிட் எதையும் சேத்துடாதீங்க, குளோரின் வாயு வரும்.

அடிக்கிறது

பேப்பர்ல பசை எதுவும் இல்ல. நாரை நசுக்கினா அதோட மேல்தோல் சிலும்பி மெல்லிசு மெல்லிசா இழை நீட்டிக்கிட்டு நிக்கும், தண்ணி காயும்போது அந்த இழைங்க ஒண்ணோட ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்புல தானா கட்டிக்கும். அடிக்காம விட்டா சும்மா நார் குவியல்தான்.

மிக்ஸியில போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, பிளேடு நாரை வெட்டும், நசுக்காது. வெட்டினா நீளம் போச்சு, வாழையை சேத்ததே நீளத்துக்குத்தான். துவைக்கிற கல்லுல கைப்பிடி கைப்பிடியா வெச்சு கட்டையால ஒவ்வொரு பிடியையும் 20 நிமிஷமாவது மடிச்சு மடிச்சு அடிங்க, கை வலிக்கும். அதுக்கப்புறம் மிக்ஸியில ஜார் நிறைய தண்ணி, ஒரு சின்ன பிடி நார், பத்து பத்து செகண்டா ரெண்டு மூணு சுத்து, சும்மா பிரிஞ்சு விடறதுக்கு மட்டும். இதைவிட நல்லது பழைய வெட் கிரைண்டர். கல்லு உருண்டு நசுக்கும், பேப்பர் ஆலைங்கள்ல கல் உருளை சுத்துற மெஷின் இருந்துச்சு, அதே தத்துவம். அந்த கிரைண்டர்ல மறுபடி மாவு ஆட்டக்கூடாது, அதை வீட்டுல முதல்லயே பேசி முடிச்சுடுங்க. தொழிலா பண்றவங்க ஹாலண்டர் பீட்டர் வாங்குவாங்க, அதுல தண்ணியோட நார் சுத்தி சுத்தி வந்து உருளைக்கு அடியில நசுங்கும்.

சோதிக்க கண்ணாடி டம்ளர்ல ஒரு சிட்டிகை கூழை போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி வெளிச்சத்துல பாருங்க. பனி மாதிரி பரவி நின்னா சரி, முடிச்சு முடிச்சா மிதந்தா இன்னும் அடி. வாழையை ரொம்ப நேரம் அடிச்சா பேப்பர் பட்டர் பேப்பர் போல ஒளி ஊடுருவும், சலசலன்னு சத்தம் போடும், ஆனா சுருக்கமும் அதிகம். லேம்ப் ஷேடுக்கு அது அருமை, எழுதறதுக்கு வேண்டாம்.

ஷீட் எடுக்கிறது

தொட்டியில 20 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் காஞ்ச நார் அளவுக்கு கூழ். கையால பிழிஞ்ச கூழ்ல அஞ்சுல ஒரு பங்குதான் நார்னு கணக்கு வெச்சா அரை கிலோ பிழிஞ்ச கூழ். ஒவ்வொரு ஷீட் எடுத்ததும் 30 கிராம் உருண்டை ஒண்ணு கரைச்சு விட்டா தடிமன் மாறாது. வெண்டைச்செடி தண்டை நசுக்கி ஊறவெச்ச கொழகொழப்பு தண்ணி ஒரு டம்ளர் ஊத்தினீங்கன்னா நார் அடியில படியாம மிதக்கும், ஷீட் சமமா வரும். ஜப்பான்காரங்க வெண்டைக்கு சொந்தக்கார செடியோட வேர்லதான் இதைப் பண்றாங்க.

கையால நல்லா கலக்கிட்டு, ரெண்டு சட்டத்தையும் சேத்து பிடிச்சு, தள்ளி நின்னு சாய்வா உள்ள இறக்கி, தண்ணிக்கு அடியில படுக்கையாக்கி, நேரா மேல தூக்குங்க. தண்ணி வடியறதுக்குள்ள முன்னும் பின்னும் ஒரு தடவை, இடமும் வலமும் ஒரு தடவை லேசா ஆட்டணும், நார் நாலு திசையிலயும் பின்னிக்கும். தண்ணி முழுசா வடிஞ்சப்புறம் ஆட்டினா விரிசல். சரியா வரலைன்னா கவலையே இல்ல, திருப்பி தொட்டியிலயே கவுத்து கலக்கிடலாம்.

மேல் சட்டத்தை எடுக்கும்போது ஒரு சொட்டு தண்ணி ஷீட் மேல விழுந்தாலும் குழி விழும். அப்புறம் ஈரத்துணி விரிச்ச பலகை மேல சட்டத்தோட ஒரு ஓரத்தை ஊன்றி உருட்டற மாதிரி கவுத்து அழுத்தி மறு ஓரத்துல எடுங்க. ஷீட் துணியில ஒட்டிக்கும். ஒட்டலைன்னா துணி காஞ்சிருக்கு, இல்ல ஷீட்ல தண்ணி ஜாஸ்தி. மேல இன்னொரு துணி, இன்னொரு ஷீட், இப்படி 20 வரைக்கும் அடுக்கலாம்.

அடுக்கை ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு அழுத்தணும். மேல ஆளு ஏறி நிக்கறது பத்தாது, இரும்பு ஃப்ரேம் ஒண்ணு பண்ணி கார் ஜாக்கி போட்டா தண்ணி ஓடற ஓட்டத்தை பாக்கணும். நல்லா அழுத்தின ஷீட்டும் அழுத்தாததும் காஞ்சப்புறம் பலத்துல ரெண்டு வேற பேப்பர்.

காயவெக்கிறது, கஞ்சி போடறது

நேர் வெயில் வேண்டாம், சுருண்டுடும். துணியோட கொடியில நிழல்ல போடலாம், மேல்பரப்பு சொரசொரப்பா வரும். வழவழன்னு வேணும்னா கண்ணாடியிலயோ சன்மைக்கா பலகையிலயோ ஈரமா ஒட்டி பிரஷ்ஷால நீவி விடுங்க, காஞ்சதும் ஓரத்துல நகத்தால கிளப்பினா வந்துடும்.

இப்படியே பேனால எழுதினா மை ஊறிப் பரவும். அதுக்கு 1 லிட்டர் தண்ணிக்கு 20, 30 கிராம் மரவள்ளி மாவு கஞ்சி காய்ச்சி ஆற வெச்சு ரெண்டு பக்கமும் பிரஷ்ஷால தடவி காயவெச்சு, வழவழப்பான கூழாங்கல்லால தேய்ங்க. பழைய காலத்துல பரம்பரையா காகிதம் பண்ற காகஜி குடும்பங்க கஞ்சி தடவி கல்லால மெருகேத்திதான் எழுதற பேப்பர் பண்ணாங்க, ஜெய்ப்பூர் பக்கம் சங்கானேர்ல இன்னும் அந்த குடும்பங்க தொழில்ல இருக்காங்க. அங்க இருக்கற தேசிய கைக்காகித நிறுவனத்துக்கு பேரு நம்ம தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா பேரு, 1934ல காந்தியோட சேந்து வார்தாவுல கிராமத் தொழில் சங்கம் ஆரம்பிச்சப்ப அவர் எடுத்து நடத்தின தொழில்ல கைக்காகிதமும் ஒண்ணு.

பேப்பர் உடையுதுன்னா அடிச்சது பத்தல இல்ல வைக்கோல் ஜாஸ்தி. ஓரம் மட்டும் சுருளுதுன்னா வேகமா காஞ்சிருக்கு, லேசா தண்ணி தெளிச்சு பலகைக்கு நடுவுல வெச்சு பாரம் ஏத்துங்க. பளபளன்னு முள்ளு மாதிரி குச்சி தெரிஞ்சா வேகல. வாடை அடிச்சா கூழ் கெட்டிருக்கு. மிஞ்சின கூழை நல்லா பிழிஞ்சு கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வெக்கலாம், அதுக்கு மேலன்னா உருண்டை பிடிச்சு வெயில்ல காயவெச்சு எடுத்து வைங்க, தேவைப்படும்போது ராத்திரி ஊறப்போட்டு மறுபடி கொஞ்சம் அடிச்சுக்கலாம், காஞ்ச கூழ்ல பலம் கொஞ்சம் குறையும், அதனால அதை அட்டை, பை, விதை கலந்து போடற பேப்பர் மாதிரி வேலைக்கு ஒதுக்கிடுங்க.